பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

‘சிங்கிள் ஓனர். ஸ்டேஜ் 1. ஷோரூம் கண்டிஷன். டைம்பாஸ் பண்றவங்க தயவுசெய்து வராதீங்க.’

இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் மனசு துடிக்காத கார் பிரியர்கள் குறைவு. புதிதாக வந்தபோது எட்டிக்கூடப் பார்க்க முடியாத விலையில் இருந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., லாரா ஆர்.எஸ்., ஃபியட் லீனியா டி-ஜெட், அபார்த் புன்டோ, ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. போன்ற கார்களெல்லாம், இப்போது ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்கோ அதற்குக் கீழேயோகூடக் கிடைக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருடம் பணம் சேர்த்த ஒரு இளைஞருக்கு, ‘அட, நம்ம பட்ஜெட்ல வருதே!’ என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். காரின் விலைதான் குறைந்திருக்கிறது. அந்த காரை ஓட வைக்கும் செலவு குறையவில்லை. உதிரிபாகங்களின் விலை அன்றைக்கு இருந்ததைவிட இன்று அதிகம். சரியாகப் பார்க்காமல் வாங்கினால், வாங்கிய விலையில் பாதி முதல் ஆறு மாதத்திலேயே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்கலாம். என்னென்ன பார்க்க வேண்டும், எங்கே ஏமாற வாய்ப்பு, எப்போது ‘வேண்டாம்ணே’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

திருவள்ளூருக்கும் டர்போவுக்கும் என்ன சம்பந்தம்?

இது பலருக்கு மறந்துபோன கதை. 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், ஜப்பானின் மிட்சுபிஷியுடன் கைகோத்து திருவள்ளூரில் கார் ஆலையைத் தொடங்கியது. முதலில் வந்தது லான்சர். பிறகு பஜேரோ, 2006இல் செடியா என்று வரிசையாக வந்தன. நம் ஊர் ரேலி பந்தயங்களில் லான்சரும் செடியாவும் கலக்கிய காலம் அது.

அதே கூட்டணி 2010இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கார்தான் லான்சர் எவல்யூஷன் எக்ஸ். ‘எவோ’ என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த கார் திருவள்ளூரில் தயாரானதில்லை. ஜப்பானில் இருந்து முழுதாக இறக்குமதியானது. 2.0 லிட்டர் டர்போ இன்ஜின், நான்கு சக்கரங்களுக்கும் சக்தி. விலை அப்போதே அரை கோடிக்கு நெருக்கம் என்பதால் சாலையில் பார்ப்பதே அபூர்வம்.

இன்று அதே திருவள்ளூர் ஆலையில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. சி3 காரின் 1.2 லிட்டர் டர்போ மாடலும் அதில் அடக்கம். ஒரு காலத்தில் பணக்காரர்களின் பொம்மையாக இருந்த டர்போ, இப்போது குடும்பக் காரிலேயே வந்துவிட்டது. ‘டர்போ எல்லாம் சாதாரண விஷயம்பா’ என்ற நினைப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். புது டர்போ கார் வேறு, 12 வருடம் பலர் கையில் மிதிபட்ட டர்போ கார் வேறு.

டர்போ எப்படி வேலை செய்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், வீணாக வெளியேறும் புகையை வைத்து இன்ஜினுக்கு அதிகக் காற்று ஊட்டும் கருவி. சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சின்ன காற்றாடியைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம். சின்ன இன்ஜினில் பெரிய பிக்-அப் கிடைப்பது இப்படித்தான்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலும். பெட்ரோல் காரில் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தொடும். இவ்வளவு வேகத்தையும் சூட்டையும் தாங்கிப் பிடிப்பது மெல்லிய இன்ஜின் ஆயில் படலம் மட்டும்தான். ஆயில் கெட்டுப்போனாலோ, குறைந்தாலோ, அடைத்துக்கொண்டாலோ டர்போவின் கதை முடிந்தது.

எனவே பழைய டர்போ காரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?’ என்பது அல்ல. ‘எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாத்தினீங்க? பில் இருக்கா?’ என்பதுதான். 1,20,000 கிலோமீட்டர் ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய பில் கட்டோடு வரும் கார், 50,000 ஓடி பில்லே இல்லாமல் வரும் காரைவிட நம்பத்தகுந்தது. மீட்டரைக் குறைத்துவிடலாம். பல வருட பில்களில் தேதி, கிலோமீட்டர், சர்வீஸ் சென்டர் முத்திரை எல்லாம் ஒத்துப்போகும்படி போலியாகத் தயாரிப்பது கஷ்டம்.

ஸ்டெப் 1: குளிர்ந்த இன்ஜினைப் பாருங்க

பார்க்கப் போவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: ‘நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க.’ போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்கூட்டியே ஓடவிட்டிருக்கலாம். எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் இன்னொரு நாள் காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்வதில் தப்பும் இல்லை.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

சத்தம்: முதல் சில விநாடிகள் சங்கிலி உரசுவதுபோல் கடகடவென்று கேட்டால், டைமிங் செயினோ அதன் டென்ஷனரோ தளர்ந்திருக்கலாம். லாரா ஆர்.எஸ்.ஸில் இருக்கும் 1.8 டி.எஸ்.ஐ. வகை இன்ஜினில் இது உலகம் முழுக்க அறியப்பட்ட பலவீனம். செயின் நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

புகை: நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. தொடர்ந்து வெள்ளையாக, லேசான இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. குளிர் காலையில் சில நிமிடம் மட்டும் வரும் நீராவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஐடிலிங்: நின்ற இடத்தில் இன்ஜின் நடுங்கினால் இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக், காற்று லீக் என்று காரணம் பல. பழைய ஆக்டேவியா 1.8 டர்போவில் காயில் போவது சகஜம். மாற்றிவிடலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேச வேண்டும்.

இன்னொரு டெஸ்ட். கார் சூடானபின் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங்கில் விட்டுவிட்டு, ஒரே ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்துவிட்டு சைலன்சரைப் பாருங்கள். குபீரென்று நீலப் புகை வந்தால் டர்போவின் சீலோ, இன்ஜினின் வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது.

ஸ்டெப் 2: டர்போவையே பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் ஒரு மெக்கானிக் கூட இருக்க வேண்டும். காற்று போகும் ரப்பர் குழாயைக் கழற்றினால் டர்போவின் காற்றாடி தெரியும். இன்ஜின் நின்றிருக்கும்போது, தண்டின் முனையை விரலால் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னுமாக ஆடினாலோ, இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ ஆயுளின் கடைசியில் இருக்கிறது.

குழாயில் மெல்லிய ஆயில் பூச்சு இருந்தால் பரவாயில்லை. இன்டர்கூலர் குழாயைச் சாய்த்தால் ஆயில் ஊற்றுகிறது என்றால், அது வேறு கதை.

ஓட்டும்போது ஆம்புலன்ஸ் சைரன்போல் ஊளையிடும் சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். ‘உஸ்ஸ்’ என்று காற்று கசியும் சத்தமும், கூடவே பிக்-அப் இல்லாமையும் இருந்தால் ஏதோ குழாய் கிழிந்திருக்கிறது. பின்னது சின்னச் செலவு, முன்னது பெரிய செலவு. இரண்டையும் பிரித்துச் சொல்ல அனுபவம் வேண்டும்.

கூடவே கம்ப்ரஷன் டெஸ்ட் ஒன்றும் செய்யச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டர்களின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், ரிங்கிலோ வால்விலோ பிரச்சினை. டெஸ்ட்டுக்கு ஓனர் சம்மதிக்கவில்லையா? அதுவே ஒரு பதில்தான்.

ஸ்டெப் 3: ‘ஸ்டேஜ் 1’ என்றால் கேள்வி கேளுங்க

டர்போ காரில் இன்ஜினைத் தொடாமலே சக்தியைக் கூட்டலாம். லேப்டாப்பை மாட்டி கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றினால் போதும். இதைத்தான் ‘ரீமேப்’, ‘ஸ்டேஜ் 1’ என்கிறார்கள். நல்ல இடத்தில், அளவோடு செய்தால் கார் வருடக்கணக்கில் ஓடும். பிரச்சினை, யார் செய்தார்கள், எதையெல்லாம் கூடவே மாற்றினார்கள் என்பதில் இருக்கிறது.

சக்தியைக் கூட்டிவிட்டு கிளட்ச், பிரேக், கூலிங் எதையும் தொடாமல் விட்டிருந்தால், அந்த கார் தன் எல்லையைத் தாண்டி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். விற்கும் முன் பழைய புரோகிராமைத் திரும்ப ஏற்றிவிட்டு ‘ஸ்டாக் வண்டி சார்’ என்று சொல்பவர்களும் உண்டு. இன்டர்கூலர் கிளிப்புகளில் ஸ்க்ரூடிரைவர் கீறல், மாற்றப்பட்ட சைலன்சர் குழாய், டேஷ்போர்டில் பூஸ்ட் மீட்டர் மாட்டிய ஓட்டை – இவையெல்லாம் பழைய கதையைச் சொல்லும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.

ஸ்டெப் 4: ஸ்கேனர் மாட்டுங்க

ஓ.பி.டி. ஸ்கேனர் இப்போது ஆன்லைனிலேயே மலிவாகக் கிடைக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை. முந்தைய நாள் ராத்திரி கோடை அழித்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்கேனர் ஆப்பில் ‘ரெடினஸ் மானிட்டர்’ என்ற பகுதியைப் பாருங்கள். கார் தன்னைத்தானே சோதித்து முடித்திருந்தால் ‘கம்ப்ளீட்’ என்று காட்டும். பலவும் ‘இன்கம்ப்ளீட்’ என்றால், சமீபத்தில் கோடு அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஓனரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் மறுபடி பார்க்கலாமா என்று கேட்டால், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

ஸ்டெப் 5: இந்த ஏரியாவுக்கான ஸ்பெஷல் செக்கப்

வெள்ளம்: 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் புரட்டிப்போட்டன. அப்போது மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து, கைமாறி ஓடிக்கொண்டிருப்பவையும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், கடைசி அடியில் சேற்றுக்கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ரெயிலில் துரு, கார்ப்பெட்டின் அடியில் வண்டல், டிக்கியில் ஸ்டெப்னி குழிக்குள் மண், ஹெட்லைட்டுக்குள் நீர்த்திவலை – இவை எதுவும் இருக்கக் கூடாது. இந்த கார்கள் முழுக்க எலக்ட்ரானிக்ஸ். நீரில் மூழ்கியது என்று தெரிந்தால், எவ்வளவு குறைந்த விலையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உப்புக்காற்று: எண்ணூர், பழவேற்காடு பக்கம் நிறுத்தி வைத்த கார்களின் அடிப்பாகத்தை லிஃப்ட்டில் தூக்கிப் பார்ப்பது கட்டாயம். எவோ எக்ஸ்ஸில் பின்பக்க டிஃபரன்ஷியலைக் கட்டுப்படுத்தும் பம்ப், பின்சக்கரத்தை ஒட்டி வெளிப்படும் இடத்தில் இருப்பதால் துருப்பிடித்துச் செயலிழப்பது அறியப்பட்ட பிரச்சினை. அந்த பம்ப்பை இங்கே தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

தூசு: கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும், நாள் முழுக்கக் கனரக லாரிகளும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். கம்பெனி ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு, சத்தத்துக்காகத் திறந்த ‘கோன்’ ஃபில்டர் மாட்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. சரியாகப் பராமரிக்காத ஃபில்டர் வழியாகப் போகும் துகள், டர்போவின் இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

வேகத்தடை: ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார் என்றால் ஆயில் சம்ப்பின் அடியைப் பாருங்கள். நம் ஊர் வேகத்தடையில் ஒரு அடி பலமாக விழுந்து ஆயில் ஒழுகினால், டர்போவுக்குச் சில நிமிடங்கள்கூட அவகாசம் கிடையாது.

ஸ்டெப் 6: ஓட்டிப் பார்ப்பது எப்படி?

அண்ணாசாலையைப் போல ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் பத்து நிமிடம், நெடுஞ்சாலையில் இருபது நிமிடம். இந்தக் கலவை தேவை. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இது சுலபம். பஜார் நெரிசல் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16 வாசலிலேயே இருக்கிறது.

நெரிசலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸும் கூலிங்கும். போலோ ஜி.டி.யில் இருக்கும் 7 கியர் டி.எஸ்.ஜி., உலர் கிளட்ச் வகை. ஊர்ந்து போகும்போது உதறினாலோ, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும்போது அதிர்ந்தாலோ, கிளட்ச்சோ ‘மெக்கட்ரானிக்’ யூனிட்டோ செலவு வைக்கும். ரிவர்ஸில் மெதுவாக மேடு ஏறச் சொல்லிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். 2017 ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸின் 6 கியர் டி.எஸ்.ஜி., ஆயிலில் மூழ்கிய கிளட்ச் வகை. அது இன்னும் உறுதியானது. ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் பார்க்க வேண்டியது டர்போவின் இழுவை. இதற்கு 150-ல் பறக்கத் தேவையில்லை. வேக வரம்புக்குள்ளேயே, மூன்றாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். இழுவை ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் தயங்கினாலோ, திடீரென்று சக்தி குறைந்து கார் மந்தமானாலோ, ‘லிம்ப் மோடு’ எனப்படும் தற்காப்பு நிலைக்குக் கார் போகிறது என்று பொருள். மேனுவல் காரில் ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

டெஸ்ட் டிரைவ் முடிந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். சூடான டர்போவில் ஆயில் நின்றுபோய்க் கருகாமல் இருக்க இது உதவும். கார் ஓனரும் இதைத் தானாகச் செய்கிறாரா என்று கவனியுங்கள். செய்கிறவர் என்றால், அந்த காரை நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டயரையும் மறக்க வேண்டாம். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23வது வாரம். பள்ளம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், இந்த வேகத்துக்கு வயதான ரப்பர் ஆபத்து. இருநூறு குதிரைசக்தி காரைக் காப்பாற்றுவது கடைசியில் நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

எந்த மாடலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆக்டேவியா ஆர்.எஸ். (பழைய 1.8 டர்போ): டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள், இக்னிஷன் காயில், டைவர்ட்டர் வால்வு, காய்ந்து வெடித்த ரப்பர் குழாய்கள்.

லாரா ஆர்.எஸ். (1.8 டி.எஸ்.ஐ., 160 பி.எஸ்.): டைமிங் செயின் டென்ஷனர், ஆயில் குடிக்கும் பழக்கம். 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று கேளுங்கள்.

லீனியா டி-ஜெட், அபார்த் புன்டோ (1.4 டி-ஜெட்): டைமிங் பெல்ட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல். ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டதால், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

ஆக்டேவியா ஆர்.எஸ். (2017, 2.0 டி.எஸ்.ஐ., 230 பி.எஸ்.): தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பகுதியில் கூலன்ட் கசிவு, டி.எஸ்.ஜி. ஆயில் பில்.

எவோ எக்ஸ்: டைமிங் செயின் நீட்சி, ட்வின் கிளட்ச் கியர்பாக்ஸ் ஆயில், மேலே சொன்ன பின்பக்க பம்ப். ரேஸ் டிராக்கில் ஓடியதா என்றும் கேளுங்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டியது குற்றமல்ல. ஓட்டியபின் ஆயிலும் பிரேக்கும் மாற்றினார்களா என்பதே கேள்வி.

எவோவில் இன்னொரு வலையும் இருக்கிறது. திருவள்ளூரில் பிறந்த சாதா லான்சருக்கும் செடியாவுக்கும் எவோ பம்பர், விங் எல்லாம் மாட்டி ‘எவோ’ என்றே விற்பவர்கள் உண்டு. சிலவற்றில் வெளிநாட்டு டர்போ இன்ஜினையே தூக்கி வைத்திருப்பார்கள். பானெட்டைத் திறந்து இன்ஜின் எண்ணை ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பெயர் மாற்றத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்டெப் 7: பேப்பர், பேப்பர், பேப்பர்

காரைவிட இதுதான் முக்கியம்.

முதலில் பரிவாகன் தளத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், லோன் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது, எத்தனை இ-சலான் பாக்கி – பெரும்பாலானவை தெரிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சலான் பாக்கி கொஞ்சம் நீளமாகவே இருக்கும், அதைக் கட்டச் சொல்லுங்கள். லோன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் ஹெச்.பி. நீக்கப்படாமல் இருந்தால், படிவம் 35ம் வங்கியின் என்.ஓ.சி.யும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெளிமாநில கார் என்றால் படிவம் 28 என்.ஓ.சி.யும், இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியும் சேரும். விலை குறைவாகத் தெரியும் டெல்லி, பெங்களூரு கார்களில் பலர் சறுக்குவது இங்கேதான்.

அடுத்து, இறக்குமதி. தயாரித்து மூன்று வருடத்துக்கு மேலான பழைய காரை இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய விதி அனுமதிப்பதில்லை. ஆக, 20, 25 வருடப் பழைய ஜப்பான் டர்போ கார் ஒன்று உங்களிடம் விலைக்கு வந்தால், அது எப்படி உள்ளே வந்தது என்பதற்கான சுங்க ஆவணத்தைக் கேளுங்கள். பூடான் வழியாக முறைகேடாகக் கொண்டுவந்து இங்கே பதிவுசெய்யப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் கார்களைத் தேடி, 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை பெரிய சோதனையே நடத்தியது. ஆர்.சி. கையில் இருப்பதாலேயே கார் சுத்தம் என்று ஆகிவிடாது.

மூன்றாவது, வயது. 15 வருடம் தாண்டிய காருக்கு எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சாதாரண காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதி காருக்கு 40,000 ரூபாய். 20 வருடம் தாண்டினால், 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி இது முறையே 10,000, 80,000 ரூபாய். பசுமை வரி தனி. 2010இல் வந்த எவோக்கள் 15 வருட எல்லைக்கு வந்துவிட்டன. ஓனர் இப்போது ஏன் விற்கிறார் என்ற கேள்விக்கு, சில நேரம் பதில் இங்கேயே இருக்கும்.

கடைசியாக, பெயர் மாற்றம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இது விற்பவருக்கும் முக்கியம். கார் பல கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘அப்புறம் மாத்திக்கலாம் ப்ரோ’ என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெட்ரோலும் ஒரு செலவுதான்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்கள் பெரும்பாலும் இதற்காக வடிவமைக்கப்படாதவை. பழைய ரப்பர் குழாய், சீல், ஃபியூயல் பம்ப் எல்லாவற்றையும் பார்த்து, தேவையென்றால் மாற்றிவிடுவது நல்லது. மைலேஜும் கொஞ்சம் குறையும். ரீமேப் செய்த கார் என்றால் உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும். மாதச் செலவைக் கணக்குப் போடும்போது சாதா பெட்ரோல் விலையை வைத்துப் போடாதீர்கள்.

சரி, எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும்?

ஒரு எளிய கணக்கு. உங்களிடம் 8 லட்சம் இருந்தால், 8 லட்சத்துக்குக் கார் தேடாதீர்கள். 6.5 லட்சத்துக்குத் தேடுங்கள். மீதி 1.5 லட்சம் முதல் வருடத்துக்கு. வாங்கியதுமே எல்லா ஆயிலும், ஃபில்டரும், ஸ்பார்க் பிளக்கும், கூலன்ட்டும், வரலாறு தெரியாத டைமிங் பெல்ட்டும் மாற்ற வேண்டும். டயர், பிரேக் பேட், பேட்டரி பெரும்பாலும் கூடவே வரும். மிச்சம் இருந்தால் சந்தோஷம்.

இஎம்ஐ போட்டு, கையிருப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால், ஒரு நிமிடம் யோசியுங்கள். கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போதும் இஎம்ஐ ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஷிஃப்ட்டுக்குப் போக உங்களிடம் வேறு வண்டி இருக்கிறதா? இல்லையென்றால், இந்த கார் இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் இன்னொரு வண்டி நிற்கும்போது வாங்க வேண்டிய கார் இது.

எப்போது திரும்பி வந்துவிட வேண்டும்?

- சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை
- இன்ஜின் எண்ணோ சேஸிஸ் எண்ணோ ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை
- நீங்கள் சொல்லும் மெக்கானிக்கிடம் காட்ட ஓனர் மறுக்கிறார்
- வெள்ளத்தில் மூழ்கிய அறிகுறி
- தொடர்ந்து நீலப் புகை, அல்லது சூடானபின் ஏறிக்கொண்டே போகும் டெம்பரேச்சர் முள்
- ‘இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காரு, இன்னிக்கே டோக்கன் போடுங்க’ என்ற அவசரம்

இதில் ஒன்று இருந்தாலும் போதும், கிளம்பிவிடலாம். இதேபோல் இன்னொரு கார் கட்டாயம் வரும். இரண்டு மூன்று கார்களைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னவருக்குத்தான், நான்காவது கார் நல்லதா இல்லையா என்று புரியும்.

எல்லாம் சரியாக அமைந்து, பில் கட்டோடு, பார்த்துப் பார்த்து வளர்த்த ஓனரிடமிருந்து ஒரு கார் கிடைத்தால், தைரியமாக வாங்குங்கள். 10,000 கிலோமீட்டருக்குப் பதில் 7,500-லேயே ஆயில் மாற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் விரட்டாதீர்கள், நிறுத்தும் முன் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பில்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது, இதேபோல ஒருவர் வந்து பானெட் மேல் கை வைத்துப் பார்ப்பார். அவருக்கு எடுத்துக் காட்ட அந்த ஃபைல் உங்களிடம் இருக்க வேண்டும்.